இரண்டு ஆமணக்கு முத்துகள்

எங்கள் சேவைச் சங்கத்தில் யாரையும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. அதற்கென்று ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது.

ஒன்றல்ல, இரண்டு. புதிதாக ஒருவர் சேர விண்ணப்பம் போட்டால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொரு உறுப்பினர் கையிலும் ஒரு புளியங்கொட்டையும் ஓர் ஆமணக்கு முத்தும் கொடுப்பார்கள். சம்மதமென்றால் புளியங்கொட்டையை முதல் சொம்பில் போட வேண்டும். சம்மதமில்லையென்றால் ஆமணக்கு முத்தை. மிச்சமிருப்பதை இரண்டாவது சொம்பில் போட்டுவிட வேண்டும். மூடிய கையோடு உள்ளே விட்டு, வெறுங்கையை வெளியே எடுப்போம். பிறகு தலைவர் முதல் சொம்பை ஒரு வெள்ளைத் துண்டில் கவிழ்ப்பார். அத்தனையும் புளியங்கொட்டையாக இருந்தால் கைதட்டல். ஒரே ஓர் ஆமணக்கு முத்து விழுந்தாலும் அந்தப் பெயர் அதோடு சரி. யார் போட்டது, ஏன் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது. "மனஸ்தாபத்துக்கே எடமில்ல பாருங்க" என்பார் தலைவர். பல் டாக்டர். வலிக்காமல் பிடுங்குவதில் அவருக்கு நம்பிக்கை அதிகம்.

ஆறு வருடங்களுக்கு முன் என் பெயருக்காக அந்தச் சொம்பு கவிழ்ந்தபோது, துண்டு முழுக்கப் பழுப்பு. அந்தப் பழுப்பை நான் எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கூட்டுறவுத் துறையில் ஒரு கண்காணிப்பாளர், வசனமா கவிதையா என்று எவருக்கும் விளங்காத இரண்டு மெலிந்த புத்தகங்களை எழுதியவன், நாற்பத்து மூன்று வயதுக்காரன், கண் கலங்கிப்போய் நின்றேன். இந்த ஊரில் முப்பது பேர் ஒரே நேரத்தில் என்னைச் சரி என்று சொல்லியிருக்கிறார்கள்.

சேர்ந்த பிறகு புதுக்கோட்டையே வேறு ஊராகிவிட்டது. கீழ ராஜ வீதியில் நடந்தால் ஏதாவது ஒரு கடையிலிருந்து "கவிஞரே" என்று ஒரு குரல் வரும். அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது, டோக்கனோடு உட்கார்ந்திருந்த நாற்பது பேரைத் தாண்டி, சங்கத்து உறுப்பினரான நெஞ்சு டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். நாற்பது பேரும் பார்த்தார்கள். எனக்கு அப்போது வெட்கமாக இல்லை. அதுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது. சட்டைப்பையில் குத்திக்கொள்ளும் சங்கத்தின் சின்ன வட்டத் தகடு, தனியே நிற்கிற மனிதனுக்கு ஒரு சுவர் கொடுக்கிறது. சாய்ந்துகொள்ளலாம். சுவருக்கு அந்தப்பக்கம் நிற்கிறவர்களைப் பார்க்காமலும் இருக்கலாம்.

சொம்பைப் போல இன்னொரு வழக்கமும் உண்டு. வருடத்துக்கு ஒரு ஞாயிறு குடும்ப விருந்து. மதியச் சாப்பாடு, வாழை இலை. அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர் முதல் பந்திக்குப் பரிமாற வேண்டும். கோடீஸ்வரராக இருந்தாலும் சரி, வாளியைத் தூக்கித்தான் ஆக வேண்டும். வக்கீல் ஒருவர் முதல் வருடம் சாம்பாரை நகைக்கடைக்காரர் மடியில் ஊற்றிய கதையை இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். புது ஆள் தடுமாறுவதைப் பார்ப்பதுதான் அந்த விருந்தின் முதல் பலகாரம்.

நான் தடுமாறவில்லை. தடுமாறியிருக்க வேண்டும். நடிக்கவாவது செய்திருக்கலாம். வாளியின் வளையம் உள்ளங்கையில் பட்டதும் கை தன்பாட்டுக்கு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. முதுகை எவ்வளவு வளைக்க வேண்டும், கரண்டியை இலைக்கு எத்தனை விரற்கடை தாழ்த்தினால் ரசம் தெறிக்காது, ஒருவர் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் அவர் விரல் எப்படி அசையும், எல்லாமே கைக்கு ஞாபகமிருந்தது. பரிமாறுகிறவன் முகம் பார்ப்பதில்லை. இலைக்கு மேல் வருகிற கையைத்தான் பார்ப்பான். நான் குனிந்த தலை நிமிராமல் இரண்டு வரிசையை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, பந்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன கவிஞரே, பழக்கப்பட்ட கை மாதிரில்ல இருக்கு?" என்றார் அரிசி ஆலை முதலாளி.

"எங்க வீட்டு விசேஷங்கள்ல நாங்களே பரிமாறித்தாங்க பழக்கம்" என்றேன். "பெரிய குடும்பம்."

பொய். எங்கள் வீட்டில் விசேஷம் என்று ஒன்று நடந்ததில்லை. அப்பா போன பிறகு அம்மாவும் நானும் மட்டும்தான். பதினெட்டு வயதிலிருந்து நான்கு வருடம், கல்லூரிக்குப் போன நேரம் தவிர மற்ற முகூர்த்த நாளெல்லாம் அறந்தாங்கி, பொன்னமராவதி, கீரனூர் என்று மண்டபம் மண்டபமாகப் பந்தி பரிமாறப் போனேன். இலை போடுவேன், இலை எடுப்பேன். எல்லோரும் போன பிறகு அண்டாக்களுக்கு நடுவில் குந்தியிருந்து சாப்பிடுவேன். என் பட்டப்படிப்பு முழுக்க ஊரார் கல்யாணச் சோற்றில் முடிந்தது. அதில் கேவலமென்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத ஒன்றை மறைத்ததுதான் கேவலம்.

நான் பொய் சொன்ன இடத்திலிருந்து பத்தடி தள்ளி, ரச அண்டாவுக்குப் பக்கத்தில், அந்தப் பொய்யை முழுதாகத் தெரிந்த ஒருவன் நின்றிருந்தான். அன்றைய சமையல் மாஸ்டர். அந்த நான்கு வருடமும் என்னோடு ஒரே வாளியின் இரண்டு பக்கத்தையும் பிடித்தவன். நான் பரீட்சை எழுதி வேலைக்குப் போனேன். அவன் பந்தியிலிருந்து அடுப்படிக்கு நகர்ந்து, காய் வெட்டி, கை சுட்டு, பத்துப் பன்னிரண்டு ஆட்களை வைத்து வேலை வாங்குகிற மாஸ்டரானான். சங்க விருந்துக்கு அவன்தான் பல வருடமாகச் சமையல்.

அவன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தான்.

"சாரு குடும்பம் பெரிய குடும்பமுங்க" என்றான் முதலாளியிடம். "அவுக வீட்டு விசேஷத்துக்கு நானே சமைச்சிருக்கேன். கூட்டம் சமாளிக்க முடியாதுங்க."

பிறகு கை கழுவுகிற குழாயடியில் யாருமில்லாத நேரம் பார்த்து என் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடித்தான்.

"ஏன் மாப்ள, ஒங்க ஜமீன்ல எத்தன பந்தி ஓடுச்சு?"

"சும்மா இருடா."

"ரெண்டே பேருக்கு நா எம்புட்டு அரிசி போட்டுருப்பேன்? ஒரு கணக்குச் சொல்லு, நாள பின்ன யாராவது கேட்டா மாத்திச் சொல்லிறப்போறேன்."

சிரித்தோம். அவன் சிரித்தது எனக்காக. நான் சிரித்தது, அவன் யார் காதிலாவது விழுகிற மாதிரிச் சிரித்துவிடக் கூடாதே என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே. அன்றிலிருந்து பந்தியில் எல்லோர் முன்னாலும் நான் அவனுக்கு "சார்". குழாயடியில் மட்டும் "மாப்ள".

மூன்று வருடம் கழித்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் வைத்து அவன் கேட்டான். கேட்பதற்கு முன்னால் டீயை இரண்டு தரம் ஆற்றினான்.

"மாப்ள, ஒங்க சங்கத்துல நானும் சேரலாமா?"

"ஒனக்கு எதுக்குடா சங்கம்? மரம் நடணும், கூட்டத்துக்கு வரணும், பேச்சுக் கேக்கணும். என் பேச்சும் இருக்கும்."

"ஒன் பேச்ச நா பதினெட்டு வயசுலருந்து கேக்குறேன். எனக்கு அதெல்லாம் ஏறாது, அதுனால பயமில்ல."

டீ கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்.

"கண் முகாமுக்கெல்லாம் நாந்தான் கஞ்சி காச்சுறேன், கூலி வாங்குறதில்ல. ஒங்க தலைவருக்கே தெரியும். அதுக்காகக் கேக்கல. நா ஒரு பந்தியில ஒக்காந்து வருசக்கணக்காச்சு மாப்ள. சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போனாலும் ‘மாஸ்டரு வந்துட்டாரு, உப்பு சரியா இருக்கா பாருங்க’ன்னு அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போயிர்றாங்க. எம் பேரச் சொல்லி, வாங்க, ஒக்காருங்கன்னு ஒரு எலைக்கு முன்னாடி ஒக்கார வைக்கணும். அம்புட்டுத்தான். மறுநாள் வேணும்னா நானே பாத்திரம் வெளக்குறேன்."

சங்கத்தில் சேர்வது என்றால் என்ன என்று நான் எத்தனையோ வரவேற்புரைகளில் பேசியிருக்கிறேன். தோளோடு தோள், கையோடு கை, நதி, கடல். அவன் ஓர் இலையைக் கேட்டான். என் பேச்சு எதிலும் அந்த இலை இருந்ததில்லை.

விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்தேன். தொழில் என்ற இடத்தில் ‘உணவு ஏற்பாட்டு நிறுவன உரிமையாளர்’ என்று எழுதினேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "யார்ரா இந்தாளு?" என்றான். "அடிச்சுட்டு சமையல்னு போடு. நாளைக்கு அவுக என்னைய மண்டபத்துல பாத்தா அடையாளம் தெரிய வேணாமா?" அடித்துவிட்டு ‘சமையல்’ என்று எழுதினேன். முன்மொழிபவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஞாயிறு நான் அவனைப் பற்றிப் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். நெருப்பின் முன் நிற்கிறவன் என்றேன். ஊர் பசியாறிய பிறகு தன் பசியை நினைக்கிறவன் என்றேன். கைதட்டினார்கள். கொட்டை கொடுப்பதற்கு முன்னால் டீ. பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டே வக்கீல் கேட்டார்:

"மாஸ்டர் ஒங்களுக்கு எப்புடிப் பழக்கம் கவிஞரே?"

"நம்ம பக்கத்துக்காரருதாங்க."

"ஒங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் அவருதானாமே. வரட்டும் வரட்டும். வாரா வாரம் ஒக்காந்து ஒங்க பழைய கதையெல்லாம் அவருகிட்ட கறந்துறலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நல்ல மனிதர். அவர் சொன்னதில் ஒரு முள்ளும் இல்லை. ஆனால் எனக்கு அந்த அறை முழுக்கத் தெரிந்தது. வாரா வாரம். என் பக்கத்து நாற்காலியில் அவன். ஏதோ ஒரு சிரிப்பில் "மாப்ள" என்று தோளில் ஓர் அடி. ஒரு மழை நாளில், ஒரு டீக்கு நடுவில், வேண்டுமென்று இல்லாமல், பிரியத்தில், "இவரும் நானும் அறந்தாங்கி மண்டபத்துல எலை எடுக்கயில..." என்று ஒரு கதை ஆரம்பமாகும். முப்பது பேரும் திரும்பி, பெரிய குடும்பத்துக் கவிஞரைப் பார்ப்பார்கள். எலை எடுத்தவன் என்பதற்காக அல்ல, பொய் சொன்னவன் என்பதற்காக.

அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவே மாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். மூன்று வருடமாக என் பொய்யைத் தன் வாயால் சுமந்தவன் அவன். தெரிந்தும் என்பதுதான் இதில் மோசமான பகுதி.

கொட்டைகள் வந்தன. புளியங்கொட்டை தட்டையாக, உரசினால் சூடேறுகிற மாதிரி. ஆமணக்கு முத்து வழுவழுவென்று, உடம்பெல்லாம் புள்ளியோடு, உயிருள்ள ஏதோ வண்டைப் போல. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் முறை வரும்வரை உட்கார்ந்திருந்தேன். என் கை சொம்புக்குள் போனது. ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான்தான் போட்டேன்.

தலைவர் சொம்பைத் துண்டில் கவிழ்த்தார். பழுப்புக்கு நடுவில் புள்ளி வைத்த முத்து.

ஒன்றல்ல. இரண்டு.

எனக்கு அந்த நேரம் என்ன தோன்றியது என்பதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பல தடவை எழுதி அடித்திருக்கிறேன். நிம்மதி தோன்றியது. நான் போடாவிட்டாலும் அவன் சேர்ந்திருக்க முடியாதுதானே. இன்னொருவர் போட்டிருக்கிறார். யாரோ ஒரு புண்ணியவான். வண்டியை எடுத்துக்கொண்டு போகும் வழியெல்லாம் அந்த இரண்டாவது முத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போனேன்.

குளத்தூர் போகிற ரோட்டில் இருக்கிறது அவன் வீடு. அன்று சாயங்காலமே போனேன். வாசலில் அவன் மனைவி, "வாங்கண்ணே, நல்ல சேதிதானே?" என்றது. உள்ளே கொடியில் ஒரு புது வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல் தொங்கியது. சேருகிற அன்றைக்கு மேடையில் தகடு குத்திவிடுவார்கள் என்று நான்தான் ஒருதடவை சொல்லியிருந்தேன்.

"அமையலடா" என்றேன். "ரெண்டு பேரு ஒத்துக்கல."

அவன் அந்தச் சட்டையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"ஒனக்கு அங்க அசிங்கமாப் போச்சா மாப்ள? எம் பேர ஒசத்திப் பேசிட்டு..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"மொகத்த ஏன் இப்புடி வச்சுருக்க? எனக்கு ஒண்ணும் கொறைஞ்சு போயிரல. ஏத்தா, மாப்ளைக்கு ரெண்டு தோசை ஊத்து. எனக்காகப் பேசிப் பேசித் தொண்ட வத்திப் போயி வந்துருக்கான்."

சாப்பிட்டேன். மூன்று தோசை. மறுக்க எனக்குத் தைரியமில்லை.

அடுத்த விருந்துக்கும் அவன்தான் சமைத்தான். அந்த வருடம் ஆட்களை விட்டு ஊற்றச் சொல்லாமல், ரச வாளியை அவனே தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக வந்தான். மாஸ்டர் ஏன் இவ்வளவு சிரமப்படுகிறார் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

எங்கள் விதிப்படி, ஒரு தடவை அமையாதவர் ஒரு வருடம் கழித்து இன்னொரு தடவை விண்ணப்பம் போடலாம். ஒரே ஒரு தடவை. அதைத் தலைவரே அவனிடம் சொல்லியிருக்கிறார். ஒரு காலை அவன் போன் செய்து வரச் சொன்னான். போனால், வீட்டுக்குப் பின்பக்கக் கொட்டகையில் கல்யாண ஆர்டருக்குப் பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். ஓர் அண்டாவின் மூடிமேல் புது விண்ணப்பம், காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு கரண்டி. தொழில் என்ற இடத்தில் அவனே ‘சமையல்’ என்று எழுதியிருந்தான். முன்மொழிபவர் இடம் காலியாக இருந்தது.

"போன தடவ மாதிரியே பேசு மாப்ள. அந்த நெருப்பு கிருப்பெல்லாம் நல்லாருந்துச்சாம், தலைவர் சொன்னாரு."

பேனாவைத் திறந்தேன். கையெழுத்துப் போட்டிருக்கலாம். இந்தத் தடவை புளியங்கொட்டையைப் போட்டுவிட்டு, எல்லாம் நேராகிவிட்டதென்று இருந்திருக்கலாம். ஆனால் திரும்பவும் அந்த டீ, அந்த வக்கீல், அந்தச் சொம்பு. என் கை உள்ளே போனால் எதைப் போடும் என்று எனக்கே நிச்சயமில்லை. அவனிடம் நான் உண்மையைச் சொன்னது நேர்மையினால் அல்ல. என் கையின் மேல் எனக்கிருந்த பயத்தினால்.

"அந்த ரெண்டுல ஒண்ணு நான் போட்டது" என்றேன்.

அவன் கையில் ஒரு ஜல்லிக்கரண்டி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"வெளையாடுறியா?"

"இல்ல."

"இன்னொண்ணு?"

"தெரியாது."

கரண்டியைக் கீழே வைத்தான். சத்தம் வராமல் வைத்தான்.

"இந்த வருசம் ரசத்த நானே ஊத்துனேன்ல, ஏன்னு தெரியுமா? ஒவ்வொருத்தர் கையாப் பாத்துக்கிட்டே வந்தேன் மாப்ள. இந்தக் கையா இருக்குமோ, இல்ல இந்தக் கையா இருக்குமோன்னு. ஒரு கைக்குக்கூட நா கெடுதல் நெனைக்கல. யாருன்னு மட்டும் தெரிஞ்சா, நா என்னங்க தப்புப் பண்ணுனேன்னு ஒருநா மெதுவாக் கேக்கலாம்னுதான். முப்பது கையயும் பாத்தேன். ஒங் கையப் பாக்கல. ஒனக்கு ஊத்தயில மொகத்தப் பாத்துச் சிரிச்சுட்டுப் போயிட்டேன்."

என்னிடம் மன்னிப்பு என்ற சொல் இருந்தது. சொற்களை வைத்துத்தானே என் பிழைப்பு. அது வாய்வரை வந்து, அவன் முன்னால் ஒரு வரவேற்புரையைப் போலக் கேட்டுவிடுமோ என்று உள்ளேயே நின்றுவிட்டது.

அதற்குள் அவன் மனைவி டீயோடு வந்துவிட்டது. "கையெழுத்துப் போட்டாச்சாண்ணே? இந்தத் தடவையாவது அந்தச் சட்டைய எடுத்துப் போடட்டும். பொட்டியில கெடந்து மஞ்சளடிக்குது."

எனக்கு முன்னால் அவன் பேசினான்.

"இல்ல, நாந்தான் வேணாம்ட்டேன். கோட்டைப்பட்டினம் பக்கம் ஆர்டர் தொடர்ந்து வருது. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு எவன் போறது? மாப்ள எம்புட்டோ சொல்லிப் பாத்தான். நாந்தான் கேக்கல."

"நல்லாருக்கு போங்க. அண்ணன் பேச்சக்கூடக் கேக்க மாட்டீகளா?" என்று அவனைத் திட்டிக்கொண்டே அது உள்ளே போனது.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பந்தி முழுக்க என்னைக் காப்பாற்றியவன், அன்று தன் வீட்டில், தன் மனைவியிடம், இன்னொரு தடவை காப்பாற்றினான். இந்தத் தடவை குழாயடிச் சிரிப்பு இல்லை. விண்ணப்பத்தை எடுத்து நான்காக மடித்து அடுப்பு பற்றவைக்கும் காகிதங்களோடு வைத்தான். டீயைக் குடி என்றான். குடித்தேன். வாசல் வரை வந்தான். எப்போதும் "சாப்புட்டுப் போ" என்று மல்லுக்கட்டுகிறவன், "பாத்துப் போ, லாரி நெறையா வரும்" என்றான்.

நான் சங்கத்திலிருந்து விலகவில்லை. அதை இங்கே எழுத வேண்டும். விலகல் கடிதம் ஒன்று எழுதினேன். மிகவும் அழகாக வந்துவிட்டது. அந்த அழகு பிடிக்காமல் கிழித்துப் போட்டேன் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில், அம்மாவுக்கு மறுபடி மூச்சுத்திணறினால் டோக்கன் எடுத்து உட்கார வேண்டுமே என்று நினைத்தேன். தெருவில் யாரும் கூப்பிடாமல் நடந்து போக வேண்டுமே என்று நினைத்தேன். அந்த இரண்டாவது முத்தைப் போட்டவர் யாரென்று இன்றுவரை தெரியாது. சில கூட்டங்களில் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். அவரும் என்னைப் போலவே வரவேற்புரைக்குக் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் முப்பது பேரில் எனக்கு நிஜமாகவே உறவென்று சொல்ல முடிந்தவர் அந்த ஒருவர்தான். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இந்த வருட விருந்துக்குத் திருச்சியிலிருந்து சமையல் ஆட்களை வரவழைத்தார்கள். சாம்பாரில் பருப்பு வேகவில்லை. ரசம் வெறும் புளித்தண்ணீர். இரண்டாவது பந்தியில் வக்கீல் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"நம்ம மாஸ்டருக்கு என்னாச்சு கவிஞரே? கேட்டதுக்கு வர முடியாதுன்னுட்டாராமே."

"அவருக்கு வேற ஆர்டராம்" என்றேன்.

"அதெப்புடி? நம்ம விருந்துன்னா எதையும் தள்ளி வச்சுட்டு வர்ற மனுசனாச்சே. அந்த விசயத்துல ஏதும் மனசு சங்கடப்பட்டுட்டாரோ?"

"சேச்சே. அவரு அப்புடி நெனைக்கிற ஆளே இல்லங்க."

"நல்ல மனுசன். அன்னைக்கு எவன் அந்தக் காரியத்தப் பண்ணுனான்னு தெரியல, எனக்கே மனசு ஆறல" என்றார். பொய்யாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நான் என்ன கேட்டிருக்க முடியும்? "அடுத்த வருசம் நீங்க நேராப் போயிக் கூப்புடுங்க. ஒங்க சொல்லத் தட்ட மாட்டாரு."

"கூப்புடுறேங்க" என்றேன்.

மோர் வரும்வரை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.